நாற்பது பட்டைகள்

2024 அக்டோபர் 6-ம் தேதி, ஊசி போடாத 40 தெருநாய்களுக்கு ஊசி போட்டதாகப் பதிவேட்டில் எழுதினேன். ஊசி போட்டதற்கு அடையாளமான பச்சைப் பட்டையை அந்த 40 நாய்களின் கழுத்திலும் மாட்டச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து அவற்றில் ஒன்று ஒரு பையனைக் கடித்தது. "நாய்க்கு ஊசி போட்டாச்சா சார்?" என்று அவன் என்னிடம் கேட்டான். "போட்டாச்சு" என்றேன்.

குற்றம் இவ்வளவுதான். இனி சொல்லப் போவது, அது எப்படி நடந்தது என்ற விவரம். எதையும் குறைக்காமல் சொல்கிறேன். குறைத்து எழுதும் பழக்கத்தில்தான் இது தொடங்கியது.

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் சேஃப்டி ஆபீசர். கேட்டுக்கு உள்ளே ஒரு பலகை உண்டு. கடைசி விபத்து நடந்து எத்தனை நாள் ஆகிறது என்று அதில் தினமும் எழுத வேண்டும். அந்த எண் பூஜ்யத்துக்குப் போனால் மேலே பதில் சொல்ல வேண்டும். விரலில் தையல் போட்ட ஆளை மறுநாளே வரவழைத்து, வேலை கொடுக்காமல் நாற்காலியில் உட்காரவைத்து, 'முதலுதவி' என்ற கட்டத்தில் எழுதி எண்ணைக் காப்பாற்றியிருக்கிறேன். ஒருமுறை அல்ல. கம்பெனி கட்டாயப்படுத்தியது என்று சொல்ல மாட்டேன். யாரும் சொல்லாமலே செய்தேன். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள், எதைப் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்கு அத்துப்படி. நாய்களிடமும் இந்தக் கையோடுதான் போனேன்.

எங்கள் பக்கம் நாய்கள் பெருகியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. பிறகு ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு மட்டும் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். இவ்வளவு பேர் மூன்று ஷிப்டிலும் சாப்பிடுகிற இடத்தில் சோறு மிஞ்சும். ஃப்ரைட் ரைஸ் வண்டிக்குப் பின்னால், கோழிக்கடைக்குப் பின்னால், ஏரிக்கரைக் குப்பைமேட்டில் என்று நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும். வேலை முடிந்து நடு ராத்திரியில் பைக்கில் திரும்புகிறவனைத் துரத்தும். கடிக்காவிட்டாலும் வண்டியைச் சாய்த்துவிடும்.

2024-ல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் 4.8 லட்சம். வெறிநோயில் இறந்தவர்கள் 43 பேர். அந்த ஆண்டின் நடுவிலேயே எண்ணிக்கை ஏறிக்கொண்டிருப்பது செய்தியில் வந்தது. எங்கள் ஆள் ஒருவரையும் நாய் கடித்தது. நாமே ஏதாவது செய்வோம் என்று கிளம்பினேன். அந்த எண்ணம் நல்ல எண்ணம்தான். அதையும் மறைக்கவில்லை, ஆனால் அதற்காக எந்தத் தள்ளுபடியும் கேட்கவில்லை.

படித்தேன். நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் வெறிநோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. கோவாவில் மிஷன் ரேபிஸ் என்ற அமைப்பு அரசோடு சேர்ந்து வருடம் தவறாமல் ஊசி போட்டு, 2021-ல் நாட்டிலேயே வெறிநோய் கட்டுக்குள் வந்த முதல் மாநிலம் என்ற பெயரைக் கோவாவுக்கு வாங்கிக் கொடுத்தது. அவர்கள் செய்தது எளிமையானது. வலையில் பிடிப்பார்கள், ஊசி போடுவார்கள், அடையாளம் வைப்பார்கள், ஒவ்வொரு நாயும் எந்த இடத்தில் ஊசி போட்டுக்கொண்டது என்று செல்போனில் பதிவார்கள். பிறகு திரும்பத் தெருத்தெருவாகப் போய், அடையாளம் உள்ள நாய் எத்தனை, இல்லாத நாய் எத்தனை என்று எண்ணிச் சரிபார்ப்பார்கள். முதல் நான்கையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். சரிபார்ப்பதை மட்டும் விட்டேன். ஆள் போதாது என்று காரணம் சொன்னேன். என் கணக்கை இன்னொருவர் பார்ப்பது எனக்குப் பிடிக்காது என்பதுதான் காரணம்.

ஒரு கம்பெனி தன் சமூகப் பணி நிதியிலிருந்து பணம் தந்தது. சுயஉதவிக் குழுப் பெண்கள் வந்தார்கள், வல்லம், மாத்தூர் பக்கத்து இளைஞர்கள் வந்தார்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் சம்பளம் வாங்காமல் வர ஒப்புக்கொண்டார். எல்லோரும் அவரை டாக்டரம்மா என்போம். விடியற்காலையில் தெருத்தெருவாக நடந்து எண்ணியதில் 400 நாய்கள். அப்படியென்றால் இலக்கு 280. ஊசி போட்ட நாய்க்கு வெளிச்சம் பட்டால் மின்னும் பச்சைப் பட்டை. நைட் ஷிப்டு பைக்காரர்கள் கண்ணிலும் படும் என்பது என் யோசனை. அதில் எனக்குப் பெருமை அதிகம்.

தொடக்க விழா செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாள். பேனரில் என் படம் இருந்தது. நான்தான் வைக்கச் சொன்னேன். அந்த மாதம் எல்லோர் பார்வையும் சாம்சங் தொழிலாளர் போராட்டத்தின் மேல் இருந்தது. நம் செய்தியைப் பத்திரிகையில் போடுவார்களா என்று எனக்குக் கவலை. எதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறேன், பாருங்கள். மேடையில் 1885-ல் லூயி பாஸ்டர் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனைக் காப்பாற்றிய கதையைச் சொன்னேன். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இனி வேண்டாம், அந்த ஆட்டு மூளை மருந்து ஒழிந்து இருபது வருடமாகிறது என்றேன். இப்போது கையில்தான் ஊசி. கடித்த நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள், ஆக நான்கு தவணை. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. கடித்த உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிச் சீரம் போட வேண்டும். ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும் கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. கைதட்டினார்கள்.

ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு, கடைசி நாள். அதற்குள் 242 நாய்களுக்குப் போட்டிருந்தோம். இன்னும் 38 வேண்டும். கையில் நான்கு குப்பி மருந்து, குப்பிக்குப் பத்து நாய். சரியாகப் போதும். அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. எங்கள் பையன்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். அந்த வெயிலில் மெரினாவில் ஐந்து பேர் இறந்தார்கள் என்று சாயந்திரம் செய்தி வந்தது. அதே வெயிலில்தான் என் காரின் டிக்கியில் ஐஸ் பெட்டி இருந்தது.

பெட்டியை நிழலில் இறக்கி, ஐஸ் மாற்ற வேண்டியது என் வேலை. காலையில் பணம் கொடுத்த கம்பெனியிலிருந்து அதிகாரி வந்தார். சாதுவான நாய் ஒன்றைப் பிடித்து வைத்துப் படம் எடுத்தோம். பிறகு அவரோடு நின்று பேசினேன். அடுத்த வருடம் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் விரிக்கலாம் என்றார். பிறகு பிரியாணி. மூன்று மணிக்கு டாக்டரம்மா பெட்டியைத் திறந்தார். ஐஸ் எல்லாம் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் வெதுவெதுவென்று இருந்தது. குப்பிகளின் லேபிள் ஊறிக் கழன்று மிதந்தது. அந்த மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

"இதைப் போட மாட்டேன் சார்" என்றார்.

"கொஞ்ச நேரம்தானே ஆச்சு டாக்டரம்மா?"

"எவ்வளவு நேரம்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதைப் போட்டா ஊசி போட்ட திருப்திதான் மிஞ்சும். தூக்கிப் போட்டுடுங்க. அடுத்த ஞாயிறு புது மருந்தோட வர்றேன்."

அவர் கோபப்படவில்லை. மருந்து கெடுவது நடக்கிறதுதான் என்றார். 'இன்று 242, மீதி அடுத்த வாரம்' என்று நான் எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். 242 என்பது நூற்றுக்கு அறுபது. வெட்கப்பட வேண்டிய எண் அல்ல.

ஆனால் மறுநாள் காலை நான் அறிக்கை அனுப்புவதாக அந்த அதிகாரியிடம் சொல்லியிருந்தேன். 70-ஐத் தாண்டிவிட்டோம் என்று பிரியாணி சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன். இப்போது மருந்து ஏன் கெட்டது என்று கேட்பார். டிக்கியில் வைத்து மறந்துவிட்டேன் என்று ஒரு சேஃப்டி ஆபீசர் எப்படிச் சொல்வது? பயம் அவ்வளவு சின்னது. அதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

டாக்டரம்மா போன பிறகு, மிச்சமிருந்த பட்டைகளைக் கேட்டுகளில் நிற்கும் செக்யூரிட்டிகளிடம் பிரித்துக் கொடுத்தேன். "உங்ககிட்ட பழகின நாய்களுக்கு மாட்டிவிடுங்கண்ணே. டாக்டரம்மா அடுத்த வாரம் வந்து ஊசி போட்டுருவாங்க" என்றேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பதிவேட்டில் 40 வரி எழுதினேன். இடம், நிறம், ஆணா பெண்ணா, வயது, மருந்தின் பேட்ச் எண். கழன்று மிதந்த லேபிளைக் காயவைத்து, அதைப் பார்த்து எண்ணை எழுதினேன். கையெழுத்து எல்லாம் ஒரே மாதிரி தெரியாமலிருக்க நடுவில் பேனாவை மாற்றினேன். 282. நூற்றுக்கு 70.5. மறுநாள் அந்தப் பக்கங்களின் அடியில் டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன். விட்டுப்போன பக்கங்கள் என்றேன். அவர் புரட்டிப் பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

அடுத்த வாரம் போட்டுவிடுவோம், அதற்குள் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்பது அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. அடுத்த வாரம் ஆயுத பூஜை. கம்பெனிகள் மூடியிருந்தன, செக்யூரிட்டிகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். டாக்டரம்மா போன் செய்தபோது, "ஆள் இல்லீங்கம்மா, பாத்துச் சொல்றேன்" என்றேன். அதற்கடுத்த வாரம் பெருமழை. பிறகு தீபாவளி நெருங்கியது. இதில் எந்தக் காரணமும் பொய் இல்லை. ஆனால் நான் போகாமல் இருந்ததற்கு அவை காரணமும் இல்லை. போனால், பட்டை போட்ட நாய்க்கு மறுபடி ஏன் ஊசி என்று செக்யூரிட்டிகள் முன்னால் டாக்டரம்மா கேட்பார். அறிக்கை போய்விட்டது. பாராட்டு வந்துவிட்டது. அந்த 40 வரியை நானே மெல்ல நம்பத் தொடங்கியிருந்தேன்.

தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். வல்லம் பக்கம் ஒரு டீக்கடை. நடத்துகிற அக்கா, எங்கள் சுயஉதவிக் குழுவில் இருந்தவர். பெஞ்சுக்கு அடியில் மணி படுத்திருந்தது. எதிர் கேட்டு செக்யூரிட்டி சோறு போட்டு வளர்த்த செம்பட்டை நாய். கழுத்தில் பச்சைப் பட்டை. ஜார்க்கண்டுக்காரப் பையன் ஒருவன் ஊருக்குப் போகிற பையோடு டீ குடிக்க வந்தான். சட் பூஜைக்கு ஊருக்குப் போகிறான், ராத்திரி ரயில். பையைக் கீழே வைக்கக் குனிந்தான். மணி எழுந்து அவனுடைய இடது கெண்டைக்காலைக் கவ்வியது. குரைக்கவில்லை, உறுமவில்லை. கவ்விவிட்டுப் போய் அதே இடத்தில் படுத்துக்கொண்டது.

சத்தம் போடாமல் கடிக்கிற நாயைச் சந்தேகப்பட வேண்டும் என்று மேடையில் சொன்னவன் நான்.

பேன்டை மடித்துப் பார்த்தான். இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். "வெடிச் சத்தத்துல மெரண்டு போயிருக்கு. பயப்படாத தம்பி, பச்சப் பட்ட போட்ட நாய், ஊசி போட்டது. இதோ சாரே நிக்கிறாரே, இவருதான் போட்டாரு" என்றார். பையன் என்னைப் பார்த்தான். இங்கே இரண்டு வருடம் வேலை பார்த்தவன், தமிழ் பேசுவான். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்று பலமுறை தோண்டிப் பார்த்திருக்கிறேன். அவன் ரயில் போய்விடுமே என்று இரக்கப்பட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது இல்லை. பட்டை மாட்டிய செக்யூரிட்டி அங்கே நின்றிருந்தார். அவர் லீவில் இருந்தபோது டாக்டரம்மா வந்துபோனதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால், அக்கா முன்னால், டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் முன்னால் என் மரியாதை போய்விடக் கூடாது. இவ்வளவுதான் ஓடியது.

உண்மையை ஒப்புக்கொள்ளாமலேயே அவனைக் காப்பாற்றவும் வழி இருந்தது. "போட்டாச்சு, இருந்தாலும் நீ போய் ஊசி போட்டுக்கப்பா" என்று சொல்லியிருக்கலாம். சரியான மருத்துவ ஆலோசனையும் அதுதான். அதையும் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப பட்டை எதுக்கு சார்?" என்று யாராவது கேட்பார்கள்.

அவன் முகம் தெளிந்தது. கான்ட்ராக்ட் பையன்களுக்கு நான்கு தவணை ஊசி என்றால் நான்கு நாள் கூலி. அதைவிட, கையில் டிக்கெட். நாளைக் காலை வரை இருக்கச் சொல்லிவிடுவேனோ என்று பயந்திருப்பான். சிரித்தான். போகும்போது என் டீக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான். நான் தடுக்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் மணியின் நடை தள்ளாடியது. தாடை தொங்கியது, எச்சில் நூலாக வழிந்தது, குரல் மாறியது. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்களைக் கடித்தது. பிடிக்கப் போன செக்யூரிட்டியைக் கடித்தது. டீக்கடை அக்காவின் பேரன், ஐந்து வயது. பட்டை போட்ட நாய்தானே என்று பிஸ்கட் கொடுக்கப் போனவனைக் கன்னத்தில் கடித்தது. முகத்துக் கடி மூளைக்குப் பக்கம், அதனால் இன்னும் ஆபத்து. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று மட்டும் சொல்லி, காரில் நானே ஏற்றிக்கொண்டு போனேன். சீரத்தைக் காயத்துக்குள்ளேயே ஊசியால் ஏற்றுவார்கள். கன்னத்தில், கடித்த ஒவ்வொரு துளையிலும். நான் வெளியே நின்று அந்த அழுகையைக் கேட்டேன்.

நானாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பிடிபட்டேன். ஊசி போட்ட நாய்க்கு எப்படி இந்த அறிகுறி வரும் என்று டாக்டரம்மாவுக்குக் குழப்பம். மருந்திலேயே கோளாறு என்றால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று போனில் பேட்ச் எண் கேட்டார். பதிவேட்டைப் பார்த்து வாசித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது நான் தூக்கிப் போடச் சொன்ன மருந்தாச்சே சார்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கடிபட்டவர்கள் யார் யார் என்று மட்டும் கேட்டார். அன்றே சுகாதார ஆய்வாளரிடம் போனார். பொய்ப் பக்கங்களில் தன் கையெழுத்து இருப்பதைத் தானே எழுதிக் கொடுத்தார். பெயர் கெடாமல் சர்வீஸ் முடித்து ஓய்வுபெற்றவர், என்னால் விளக்கக் கடிதம் எழுதினார். மணி செத்தது. தலையை ஐஸில் வைத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். வெறிநோய் உறுதியானது.

இங்கே எனக்குச் சாதகமான ஒரு வாதம் உண்டு. அதை மறைப்பதும் சரியில்லை. ஊசி போட்டாலும் நாயின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வரச் சில வாரம் ஆகும். கிருமி ஏற்கனவே உடம்பில் ஏறியிருந்தால் ஊசி தடுக்காமலும் போகலாம். அக்டோபர் 6-ம் தேதிக்கு முன்பே மணியை வேறு வெறிநாய் கடித்திருக்கலாம். ஆகவே நல்ல மருந்தைப் போட்டிருந்தாலும் மணிக்கு நோய் வந்திருக்கலாம். இருக்கலாம். ஆனால் அந்தப் பையன் என்னிடம் கேட்டது நாயின் ரத்தத்தைப் பற்றி அல்ல. ஊசி போட்டாச்சா என்று கேட்டான். பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு பெண்கள், செக்யூரிட்டி, குழந்தை, நால்வருக்கும் தவணை முழுவதும் போடப்பட்டது. நால்வரும் நலம். விஷயம் தெரிந்த பிறகு அக்காவைப் பார்க்கப் போனேன். கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, "நான் சொல்றப்ப தலையாட்டுனீங்களே சார்" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அவர் வாயால் அந்தப் பையனுக்குத் தைரியம் சொல்ல வைத்தது நான். அந்தப் பாரத்தை அவர் தலையிலும் ஏற்றிவிட்டேன்.

பட்டை பொய் என்று ஊருக்குத் தெரிந்தது. எந்த 40 பொய், எந்த 242 மெய் என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? கண்ணில் பட்ட பட்டை நாயை எல்லாம் கல்லால் அடித்தார்கள். சிலதுக்குச் சோற்றில் விஷம். ஒரு ராத்திரி லாரி வைத்துப் பல நாய்களை ஏற்றி எங்கோ விட்டுவிட்டு வந்தார்கள். பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது 2023-ம் ஆண்டின் கருத்தடை விதி. 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும், வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை ஊசி போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. காரணம் எளிது. ஊசி போட்ட நாய் போனால், அந்தக் குப்பைமேட்டுக்கு ஊசி போடாத நாய் வரும். எங்கள் பக்கம் அப்படித்தான் வந்தது. நாங்கள் தொடங்கியபோது இருந்ததைவிட இன்று நிலைமை மோசம். அடுத்த முறை யாராவது ஊசிப் பெட்டியோடு வந்தால் இந்த ஊர் முதலில் என்னைத்தான் நினைக்கும்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. பணம் கொடுத்த கம்பெனிக்கு நடந்ததை எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. வேலை இருக்கிறது. சம்பளம் வருகிறது.

ஐந்தாவது ஆள் அந்தப் பையன். அவனைத்தான் இன்னும் காணவில்லை. அவன் நம்பர் ஒரு கூட்டாளியிடம் கிடைத்தது, ஸ்விட்ச் ஆஃப். கான்ட்ராக்டரின் நோட்டில் பெயருக்கு எதிரே 'ஜார்க்கண்ட்' என்று மட்டும் இருக்கிறது. மாவட்டம் இல்லை, ஊர் இல்லை. அந்தப் பெயரும் முழுப் பெயரா என்று அவருக்கே தெரியவில்லை. கூட இருந்த பையன்கள் தீபாவளிக்குப் பிறகு திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். சூரத்தில் இருக்கிறான் என்றான் ஒருவன். புனே என்றான் இன்னொருவன். இந்தியில் பேசத் தெரிந்த ஒரு பெண்ணைக்கொண்டு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். இரண்டு டிக் விழவில்லை.

இந்தக் கிருமி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்தில் வெளிப்படும். அரிதாக ஒரு வருடத்துக்கு மேலும் உள்ளே இருக்கும். இன்று 2025 செப்டம்பர். அந்தப் பையனுக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். ஒல்லி, இடது கெண்டைக்காலில் இரண்டு பல் தழும்பு, தமிழ் பேசுவான், ஒரகடத்தில் இரண்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்தவன். அவனோடு ஒரே ரூமில் இருந்தவர்கள், அவனுக்கு வேலை கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவனிடம் சொல்லுங்கள்: அந்த நாய்க்கு ஊசி போடவில்லை. எத்தனை மாதம் ஆனாலும் சரி, அவன் இப்போதும் போய் ஊசி போட்டுக்கொள்ளலாம். எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் போடுவார்கள்.